அப்பாச்சிகள் ‘காகித வைத்தியர்’ என்று அழைத்த கேப்டன்

கேள்வி: அமெரிக்க மேற்கு எல்லைக் கதைகளில் குதிரைப்படை அதிகாரி இல்லாத கதையே இல்லை. உண்மையில் அங்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு எழுத்தாளரான அதிகாரி யாராவது உண்டா?

பதில்: உண்டு. 5ஆவது குதிரைப்படையில் இருந்த சார்லஸ் கிங், 1874இல் அரிசோனாவில் கையில் குண்டு பட்டு, பிறகு ஓய்வு பெற்று, நாவல்களாக எழுதிக் குவித்தார். ஆனால் ஒருவரைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் நான் ஜான் கிரெகரி போர்க்கைத்தான் சொல்வேன். 1846இல் பிலடெல்பியாவில், அயர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். 16 வயதில், 19 ஆகிவிட்டது என்று பொய் சொல்லி உள்நாட்டுப் போரில் சேர்ந்தார். அதே வருடக் கடைசியில் ஸ்டோன்ஸ் ரிவர் சண்டையில் காட்டிய துணிச்சலுக்கு, நாட்டின் மிக உயரிய ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் பிற்பாடு 1887இல் அவருக்குக் கிடைத்தது. போர் முடிந்ததும் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்து 1869இல் வெளியே வந்து, 3ஆவது குதிரைப்படையில் லெப்டினன்டாக நியூ மெக்சிகோவுக்கும் அங்கிருந்து அரிசோனாவுக்கும் போனார்.

1871இல் ஜெனரல் ஜார்ஜ் க்ரூக் அரிசோனாவுக்கு வந்து போர்க்கைத் தன் உதவி அதிகாரியாக எடுத்துக்கொண்டார். போர்க்கின் எழுத்து வாழ்க்கைக்கு வாசல் திறந்தது அங்கேதான் என்பேன். க்ரூக் சீருடையே போடாமல் கித்தான் உடையில், ‘அப்பாச்சி’ என்று பெயர் வைத்த கோவேறு கழுதை மேல் ஏறிப் போகிறவர். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அப்பாச்சிகளைத் தேட அப்பாச்சிகளையே ஸ்கவுட்டுகளாக, அதாவது முன்னே போய்த் தடம் பார்க்கிறவர்களாக, சேர்த்துக்கொண்டவரும் அவர்தான். அந்த ஸ்கவுட்டுகளோடு மாதக்கணக்கில் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் காதில் விழும் பேச்சு, கோட்டைக்குள் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கு எங்கே கிடைக்கும்?

கேள்வி: சண்டைக்கும் பயணத்துக்கும் நடுவில் எழுத எப்படி நேரம் கிடைத்தது?

பதில்: நேரம் கிடைக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. கையில் எப்போதும் நோட்டு. அன்றன்று பார்த்த மலை, ஆறு, உணவு, சடங்கு, யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் எழுதினார், வரைந்தும் வைத்தார். எந்நேரமும் தாளில் எதையோ கிறுக்கிக்கொண்டே இருந்ததால் அப்பாச்சிகள் அவருக்கு வைத்த பெயர் ‘காகித வைத்தியர்’. 124 நோட்டுகள் இன்றைக்கும் வெஸ்ட் பாயிண்ட் நூலகத்தில் இருக்கின்றன. 1876இல் சூ (Sioux) என்ற அமெரிக்கப் பூர்வகுடிகளைத் துரத்திப் போன க்ரூக்கின் படை உணவு தீர்ந்து, மழையிலும் சேற்றிலும் தங்கள் குதிரைகளையே கொன்று தின்றுகொண்டு நடந்ததே, அந்தப் பயணத்திலும் போர்க் இருந்தார், அதையும் எழுதினார். 1886 மார்ச்சில் அப்பாச்சிகளின் போர்த் தலைவர் ஜெரோனிமோவும் க்ரூக்கும் எம்புடோஸ் பள்ளத்தாக்கில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியதை வார்த்தைக்கு வார்த்தை குறித்துக்கொண்டதும் இதே கைதான்.

கேள்வி: அப்பாச்சிகளைக் கொன்ற படையில் இருந்தவர் எழுதியதை எப்படி நம்புவது?

பதில்: இதே கேள்வியோடுதான் நானும் அவரைப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குப் பதில் கிடைத்தது, அவர் தன்னைப் பற்றியே எழுதிய ஒரு பக்கத்தில். ஆரம்ப காலத்தில் சக அதிகாரி ஒருவர், கொல்லப்பட்ட ஒரு அப்பாச்சியின் தலைத்தோலையும் காதுகளையும் அவருக்குக் கொடுத்திருக்கிறார். போர்க் அதை அறையில் அலங்காரமாக வைத்துக்கொண்டார். ஒருநாள் அறைக்கு வந்த நண்பர் அதைப் பார்த்து அதிர்ந்துபோன பிறகுதான், தான் எவ்வளவு கொடூரமானவனாக ஆகியிருக்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. உடனே எடுத்துப் புதைக்கச் சொன்னார். எழுதாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இருந்தும் எழுதினார்.

அவர் எழுதிய இன்னொரு பக்கம்: 1872 டிசம்பர் 28, சால்ட் ரிவர் பள்ளத்தாக்கு. மலைச்சரிவில் ஒரு குகை, அதற்குள் பெண்களும் குழந்தைகளுமாக யாவபாய் மக்கள் (ராணுவம் அவர்களையும் அப்பாச்சி என்றே சொன்னது). வீரர்கள் குகையின் கூரையைப் பார்த்துச் சுட்டார்கள், குண்டுகள் பாறையில் தெறித்து உள்ளே இருந்தவர்கள் மேல் பாயட்டும் என்று. மேலே உச்சியில் நின்ற இன்னொரு பிரிவு பெரிய பாறைகளை உருட்டிவிட்டது. சுமார் 75 பேர் செத்தார்கள். நடுவில் நான்கு வயதுகூடத் தாண்டாத ஒரு பையன் உடம்பில் துணியில்லாமல் வெளியே ஓடி வந்து, திகைத்துப்போய், சுட்டுக்கொண்டிருந்த துப்பாக்கிகளுக்கு முன்னால் நிற்கிறான். ஒரு குண்டு அவன் மண்டையை உரசிக்கொண்டு போகிறது. நன்டாஜே என்ற அப்பாச்சி ஸ்கவுட் பாய்ந்து போய் அவனைத் தூக்கிக்கொண்டு வருகிறார், வீரர்கள் ஆரவாரம் செய்கிறார்கள், அப்புறம் திரும்பவும் சுட ஆரம்பிக்கிறார்கள். அந்த ஆரவாரத்தையும் அடுத்த வரியிலேயே திரும்பவும் தொடங்கிய சுடுதலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதைப் படித்துவிட்டு, அன்றைக்கு அதற்கு மேல் என்னால் புரட்ட முடியவில்லை.

அதற்காக அவரை முழுக்க நம் காலத்து மனிதராக ஆக்கிவிடக் கூடாது. ‘காட்டுமிராண்டி’ என்ற சொல் அவர் எழுத்தில் கடைசிவரை வருகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் பார்த்ததை மறைக்கிறவர் இல்லை என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

கேள்வி: சடங்குகளைப் பற்றியும் எழுதினாராமே?

பதில்: ஆமாம். 1881 ஆகஸ்டில் ஹோப்பி மக்களின் பாம்பு நடனத்தை வால்பி கிராமத்தில் நேரில் பார்த்தார், 1884இல் அது புத்தகமாக வந்தது. 1881 நவம்பரில் சூனி மக்களின் ஒரு சடங்கில் மூத்திரம் குடிப்பதைப் பார்த்து, உலகம் முழுக்க மலமும் மூத்திரமும் சடங்குகளில் எப்படிப் பயன்பட்டன என்று பத்து வருடம் தேடித் தொகுத்தார். அந்தப் புத்தகத்தின் ஜெர்மன் பதிப்புக்கு 1913இல் முன்னுரை எழுதியவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். அப்பாச்சி வைத்தியர்களைப் பற்றிய விரிவான ஆய்வு 1892இல் வந்தது.

கேள்வி: இவ்வளவு செய்தவர் ஜெனரல் ஆகியிருப்பாரே?

பதில்: இல்லை. 1882இல் கேப்டன், 1896இல் இறக்கும்போதும் கேப்டன்தான். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

1886 செப்டம்பரில் ஜெரோனிமோ சரணடைந்ததும் சிரிகாவா அப்பாச்சிகள் எல்லோரையும் ரயிலேற்றி ஃப்ளோரிடாவில் கைதிகளாக வைத்தார்கள். அரசாங்கத்துக்காக ஜெரோனிமோவைத் தேடி மலை ஏறிய ஸ்கவுட்டுகளும் அதில் அடக்கம். இவர்களைப் போன்ற ஸ்கவுட்டுகளோடுதான் போர்க் 1883இல் மெக்சிகோவின் சியரா மாட்ரே மலைக்குப் போயிருந்தார், அந்தப் பயணத்தில் மட்டும் 193 அப்பாச்சி ஸ்கவுட்டுகள். விசுவாசமாக இருந்தவர்களுக்குச் செய்த இந்தத் துரோகத்தைவிட வெட்கக்கேடு அமெரிக்க இந்தியர்களோடு நமக்குள்ள உறவில் வேறில்லை என்று, சீருடை போட்டுக்கொண்டிருந்தபோதே, 1891இல் அச்சில் எழுதினார். அவர்களுக்கு நல்ல நிலம் தேடியும் அலைந்தார். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. சிரிகாவாக்கள் 1913வரை கைதிகளாகவே இருந்தார்கள்.

கேள்வி: முதலில் எதைப் படிக்கலாம்?

பதில்: க்ரூக்கோடு எல்லையில் கழித்த வருடங்களைப் பற்றிய 1891ஆம் ஆண்டுப் புத்தகத்தை (On the Border with Crook) எடுங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். குகைச் சம்பவம் வரும் அத்தியாயத்தை மட்டும் பகலில் படியுங்கள்.