மேனுவலில் பறக்கிறது, ஆட்டோவில் கவிழ்கிறது

கேள்வி: சன்போர்டில் (இலேசான ஃபோம் அட்டை) 120 செ.மீ. இறக்கை கொண்ட விமானம் செய்து, ஆர்டுபைலட் (தானாகப் பறக்கவைக்கும் மென்பொருள்) ஓடும் பிளைட் கன்ட்ரோலர் போர்டு வைத்திருக்கிறேன். மொத்த எடை 1 கிலோ. ரிமோட்டில் கையால் ஓட்டினால் அருமையாகப் பறக்கிறது. ஆட்டோவுக்கு மாற்றியதுமே வலப்பக்கம் சாய்ந்து, சாய்வு கூடிக்கொண்டே போய்த் தலைகுப்புற விழுகிறது. இரண்டு முறை ஒட்டிவிட்டேன். போர்டு பழுதா? (பொறியியல் மாணவர், பல்லடம்)

பதில்: புது போர்டு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது ஏலிரானின் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடல்) திசையை.

சர்வோ (அந்த மடலை அசைக்கும் சிறு மோட்டார்) மாட்டிய அன்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளியபோது ஏலிரான் தலைகீழாக அசைந்திருக்கும். ரிமோட் மெனுவுக்குள் போய் அந்தச் சேனலை ரிவர்ஸ் செய்திருப்பீர்கள். மேனுவலில் ஸ்டிக்கின் அசைவு அப்படியே சர்வோவுக்குப் போய்விடுவதால் எல்லாம் சரியாகவே தெரியும். ஆட்டோவில் கதை வேறு. விமானம் லேசாக வலப்பக்கம் சாய்ந்ததும் போர்டு தானே உத்தரவு போடுகிறது. அது ரிமோட் வழியாகப் போவதில்லை. நீங்கள் செய்த ரிவர்ஸ் அதற்குத் தெரியாது. நிமிர்த்தப் போய் இன்னும் சாய்க்கிறது. சாய்வு கூடியதைப் பார்த்து இன்னும் பலமாக 'நிமிர்த்துகிறது'. மிச்சத்தைத் தரை பார்த்துக்கொள்கிறது.

சோதிக்க வயலுக்குப் போக வேண்டாம், மேசை போதும். முதல் வேலையாக புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். எஃப்பிடபிள்யூஏ மோடுக்கு (ஸ்டிக்கை விட்டால் போர்டே விமானத்தை மட்டமாக வைத்துக்கொள்ளும் மோடு) மாற்றி, ஸ்டிக்கைத் தொடாமல் விமானத்தைக் கையில் தூக்கி வலது இறக்கையைத் தாழ்த்துங்கள். வலது ஏலிரான் கீழே இறங்க வேண்டும், இடது மேலே ஏற வேண்டும். மூக்கைத் தாழ்த்தினால் எலிவேட்டர் (வாலில் உள்ள மடல்) மேலே எழ வேண்டும். மாறாக அசைந்தால், போர்டை அமைக்கும் கணினி மென்பொருளான மிஷன் பிளானரில் சர்வோ அவுட்புட் பக்கத்தில் அந்த சர்வோவுக்கு ரிவர்ஸ் டிக் போடுங்கள். இது சரியான பிறகே ஸ்டிக்கைப் பாருங்கள்: வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலிரான் மேலே. அது மாறியிருந்தால் இப்போது ரிமோட்டில் திருத்தலாம். வரிசையை மாற்றினால் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

என் சந்தேகம் சரியா என்பதற்குச் சாட்சி மெமரி கார்டில் இருக்கிறது. விழுந்த நாளின் லாகை (பறப்புப் பதிவு) திறந்து, போர்டு கேட்ட சாய்வையும் உண்மையில் நடந்த சாய்வையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். ஆட்டோ தொடங்கிய நொடியிலிருந்து இரண்டு கோடுகளும் கத்தரி போலப் பிரிந்தால், திசைக் கோளாறுதான்.

கோடுகள் ஒட்டியே போய், மூக்கு மட்டும் தூக்கியோ தாழ்ந்தோ இருந்திருந்தால் அடுத்த ஆள் லெவல் கேலிபரேஷன், அதாவது எது மட்டம் என்று போர்டுக்குக் கற்றுக்கொடுப்பது. என் முதல் விமானம் வால் தரையில் பட, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படியே வைத்து லெவல் எடுத்தேன். அந்தத் தூக்கல்தான் மட்டம் என்று போர்டு கற்றுக்கொண்டது. மேலே போனதும் மூக்கைத் தூக்கித் தூக்கி, வேகம் இழந்து கரும்புக் காட்டுக்குள் போய் விழுந்தது. தேட ஒரு நாள் ஆனது. அன்றிலிருந்து, விழுந்த இடத்தில் ஒலியெழுப்பும் பஸ்ஸர் இல்லாமல் நான் எதையும் பறக்கவிடுவதில்லை. வாலுக்கு அடியில் கட்டை வைத்து, மட்டமாகப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்துதான் லெவல் எடுக்க வேண்டும்.

புவியீர்ப்பு மையத்தையும் ஒருமுறை பாருங்கள். உங்கள் இறக்கையின் அகலம் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை 20 செ.மீ. என்றால், முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ. தள்ளி விரல்களில் நிறுத்தும்போது மட்டமாக நிற்க வேண்டும். வால் கனத்த விமானத்தை கையால் எப்படியோ சமாளித்துவிடுவோம்; ஆட்டோபைலட் திணறிவிடும்.

வேகக் கணக்கும் முக்கியம். இந்த அளவுக்கும் எடைக்கும் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) விநாடிக்கு சுமார் 8 மீட்டர் வரும். 45 டிகிரி சாய்ந்து திரும்பும்போது அது ஏறக்குறைய 9.5 ஆகிவிடும். குரூஸ் வேகத்தை (வழக்கமாகப் பறக்கும் வேகம்) 13-க்குக் கீழே குறைக்காதீர்கள். ஜிபிஎஸ் காட்டுவது தரை வேகம். பின்காற்றில் அது 13 என்று காட்டும்போது காற்றில் உங்கள் விமானம் 8-ல் தொங்கிக்கொண்டிருக்கலாம். காற்று வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் சென்சார் ஒன்று போட்டால் இந்தத் தலைவலி தீரும். வேபாயின்ட்களை (ஆட்டோவில் விமானம் போய்த் தொட வேண்டிய இடங்கள்) 150 மீட்டராவது தள்ளித் தள்ளி வையுங்கள்.

ஆட்டோ டேக்ஆஃப் ஆசை இப்போதைக்கு வேண்டாம். 2003 ஆகஸ்டில் மேனார்ட் ஹில் குழுவின் 5 கிலோவுக்கும் குறைவான பால்சா விமானம் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துவரை சுமார் 39 மணி நேரம் பறந்தது. அதைக்கூட ரிமோட்டில் கையால்தான் ஏற்றினார்கள், கையால்தான் இறக்கினார்கள். நீங்களும் கையால் ஏற்றி, 60 மீட்டர் உயரத்தில் எஃப்பிடபிள்யூஏ போட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் ஆட்டோடியூன் (போர்டு தன் அமைப்புகளைத் தானே சரிசெய்துகொள்வது), அதன் பிறகு ஆர்டிஎல் (கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்புவது), கடைசியாக ஆட்டோ. ஒவ்வொன்றிலும் விரல் மேனுவல் சுவிட்சின் மேலேயே இருக்கட்டும். கிளம்பும் முன் தரையில் ரிமோட்டை அணைத்து, ஃபெயில்சேஃப் (ரிமோட் தொடர்பு அறுந்தால் தானாக இயங்கும் பாதுகாப்பு) வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. சூலூர் விமானப்படைத் தளமும் கோவை விமான நிலையமும் உங்களுக்குப் பக்கம். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவைப்படாத பகுதி) 400 அடிவரை பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள பகுதியில் 200 அடிதான். அரசின் டிஜிட்டல் ஸ்கை தள வரைபடத்தில் உங்கள் மைதானம் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டு பேட்டரியைச் செருகுங்கள்.