பூனை வாலை ஆட்டினால் அது மகிழ்ச்சியாக இருக்கிறது என்று பொருளா?

மடியில் தானாகவே ஏறிப் படுத்துக்கொள்ளும் உங்கள் பூனை, தடவிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வாலை இரு பக்கமும் ஆட்டத் தொடங்கி, சற்று நேரத்தில் கையைக் கடித்துவிட்டு இறங்கி ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். வாலாட்டினால் மகிழ்ச்சி என்றுதானே பொருள், பிறகு ஏன் கடிக்கிறது என்பது உங்கள் கேள்வி. நேரடியாகச் சொல்வதானால், அந்த வால் மகிழ்ச்சியில் ஆடவில்லை. நாயின் வாலாட்டலுக்கு நாம் கொடுக்கும் பொருளைப் பூனைக்கும் கொடுத்துவிடுவதால்தான் கடி எதிர்பாராமல் வந்ததாகத் தெரிகிறது. பூனைகளோடு நெடுங்காலமாக வாழ்ந்துவரும் எனக்கு இதில் ஐயமே இல்லை: பெரும்பாலான பூனைகள் கடிப்பதற்கு முன்பே வாலால் சொல்லிவிடுகின்றன. அதைப் படிக்கக் கற்றுக்கொள்வதும் கடினமான காரியம் அல்ல.

பூனையின் வால் முதுகெலும்பின் நீட்சியாகும். ஒரு முழு வாலில் பொதுவாக 18 முதல் 23 வரை முள்ளெலும்புகள் இருக்கும். அடிவாலில் இருப்பவை தடித்தும், நுனியை நெருங்க நெருங்க மெலிந்தும் காணப்படும். வாலைத் தூக்கவும் தாழ்த்தவும் பக்கவாட்டில் வளைக்கவும் தனித்தனித் தசைகள் உண்டு. அவற்றின் மெல்லிய தசைநாண்கள் வால் நெடுகிலும் வெவ்வேறு எலும்புகளைப் பற்றியிருப்பதால், வால் முழுவதும் அசையாமல் கிடக்க, நுனி மட்டும் தனியே துடிக்க முடிகிறது. ஆகவே ஒரு பூனையின் வாலைப் பார்க்கும்போது, அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அடுத்து, அசைவு எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். இரண்டாவதற்கே நான் கூடுதல் முக்கியத்துவம் கொடுப்பேன், ஏனென்றால் பலரும் கவனிக்கத் தவறுவது அதைத்தான்.

நுனியில் மட்டும் தோன்றும் அசைவு பெரும்பாலும் கவனத்தின் அடையாளம். சன்னலருகே உட்கார்ந்து வெளியே ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பூனையைப் பக்கத்திலிருந்து கவனியுங்கள். தலையும் தோளும் சிறிதும் அசைவதில்லை. மீசை முன்னோக்கி விரிந்திருக்கும். உடலில் ஏறியிருக்கும் பரபரப்பு முழுவதும் வாலின் கடைசி இரண்டு மூன்று விரற்கடை நீளத்தில் குவிந்து, அந்தப் பகுதி மட்டும் வலமும் இடமுமாக விட்டுவிட்டுத் துடிக்கும். பறவை பறந்துபோன பிறகும் அந்தத் துடிப்பு உடனே அடங்குவதில்லை. அந்த நேரத்தில் பின்னாலிருந்து தூக்கினால் பழகிய பூனையும் திரும்பிப் பிறாண்டக்கூடும். அது தூக்கியவர் மேல் உள்ள கோபம் அல்ல, வேட்டைக்காகக் கூடிய வேகம் இன்னும் தணியவில்லை என்பதுதான் காரணம். வால் தரையில் ஓய்வாகப் படியும்வரை காத்திருப்பதே நல்லது.

மடியில் நடப்பது இதே பரபரப்பின் வேறு வகை. தடவுவது ஓர் அளவுவரை பூனைக்கு இதமாக இருக்கிறது. அந்த அளவைத் தாண்டும்போது அதே தொடுகை உறுத்தலாக மாறிவிடுகிறது. இந்த மாற்றம் ஒரே நொடியில் நிகழ்வதில்லை. முதலில் நுனி ஓரிரு முறை சுண்டும். நாம் கையை எடுக்காவிட்டால் அசைவு வாலின் நடுப்பகுதிக்கு ஏறும். அதன் பிறகு அடிவாலிலிருந்தே வால் வீசி, நம் தொடையிலோ இருக்கையிலோ பட்டுப் பட்டென்று அடிக்கும். அதோடு காதுகள் பக்கவாட்டில் திரும்புவதையும், முதுகுத் தோல் அலைந்து சுருங்குவதையும், தலை மெல்ல நம் கைப்பக்கம் திரும்புவதையும் பார்க்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் கை நிற்காதபோதுதான் பல் படுகிறது. தொண்டையிலிருந்து வரும் குறுகுறு ஒலி தொடர்ந்துகொண்டே இருப்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். வலியில் இருக்கும் பூனையும் அந்த ஒலியை எழுப்புவதுண்டு. ஒலியும் வாலும் முரண்பட்டால் நான் வாலையே நம்புவேன்.

நீங்கள் செய்ய வேண்டியது மிகவும் எளிது. நுனி சுண்டத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள். பூனையைத் தள்ளவோ இறக்கிவிடவோ தேவையில்லை. கை மட்டும் விலகினால் போதும். பல பூனைகள் அப்படியே மடியில் படுத்திருக்கும், சில நிமிடங்கள் கழித்துத் தாமாகவே கன்னத்தைக் கையில் உரசி மறுபடியும் கேட்கும். எந்த இடத்தில் தடவுகிறோம் என்பதும் முக்கியம். உடலின் வெவ்வேறு பகுதிகளைத் தடவிப் பூனைகளின் எதிர்வினையைக் கவனித்த ஆய்வுகளில், அடிவாலைச் சுற்றித் தடவியபோதுதான் விரும்பாமையின் அறிகுறிகள் மிகுதியாகத் தென்பட்டன; முகத்தைச் சுற்றித் தடவியபோது அவை குறைவாக இருந்தன. அடிவாலில் தட்டினால் இடுப்பை உயர்த்திக் காட்டும் பூனைகளும் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் உங்கள் பூனை அந்த வகையா என்பதை அதன் வால்தான் சொல்ல வேண்டும். சந்தேகமாக இருந்தால் கன்னம், தாடை, காதுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட பகுதி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது பூனைக்கும் உங்கள் கைக்கும் நல்லது.

அப்படியானால் பூனையின் மகிழ்ச்சி வாலில் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், ஆனால் ஆட்டத்தில் அல்ல, நிமிர்வில். வீட்டுக்குள் நீங்கள் நுழையும்போது பூனை வாலைச் செங்குத்தாகத் தூக்கி, நுனியை மட்டும் சற்றே வளைத்துக்கொண்டு உங்களை நோக்கி நடந்து வந்தால், அதுதான் பூனையின் உண்மையான வரவேற்பு. இந்தப் பழக்கத்தின் வேர் குட்டிப் பருவத்தில் இருக்கிறது. குட்டிகள் தாயிடம் வரும்போது வாலைத் தூக்கிக்கொண்டே வருகின்றன. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வளர்ந்த பிறகு பெரும்பாலும் தனித்தே வாழ்கிறது. மனிதரின் அருகே கூடி வாழத் தொடங்கிய வீட்டுப் பூனையோ இந்தக் குட்டிப் பருவச் சைகையை வளர்ந்த பிறகும் கைவிடாமல், நட்பை அறிவிக்கும் அடையாளமாக வைத்துக்கொண்டது என்பதே ஆய்வாளர்கள் பலரின் விளக்கம். பெரிய பூனைகளில், கூட்டமாக வாழும் சிங்கங்களிடமும் ஒன்றையொன்று வரவேற்கும்போது வாலைத் தூக்கும் வழக்கம் உண்டு.

நிமிர்ந்த வால் மற்றப் பூனைகளுக்கும் ஒரு செய்திதான் என்பதைக் காட்டும் சோதனை ஒன்றும் நடந்திருக்கிறது. பூனையின் வெறும் நிழலுருவங்களைச் சுவரில் வைத்து உண்மையான பூனைகளுக்குக் காட்டியபோது, வால் நிமிர்ந்த உருவத்தைப் பார்த்தவை தம் வாலையும் தூக்கிக்கொண்டு அதை நெருங்கின. வால் தாழ்ந்த உருவத்திடம் அந்த இணக்கம் அவ்வளவாகக் காணப்படவில்லை. ரோம் நகரில் கூட்டமாக வாழும் பூனைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரை, அந்தக் கூட்டத்தில் கீழ்நிலையில் உள்ள பூனையே மேல்நிலையில் உள்ளதை நோக்கி வாலைத் தூக்குவது அதிகம் என்று கண்டது. சண்டைக்கு வரவில்லை என்பதை முன்கூட்டியே தெரிவிப்பதால் இந்தச் சைகைக்கு மதிப்பு ஏற்படுகிறது. தாக்கத் தயாராகும் பூனை பதுங்கி வாலை இருபுறமும் வீசுவதையும், அன்பு காட்டும் பூனை நிமிர்ந்து நின்று வாலை நேராகத் தூக்குவதையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான தோற்றங்களாக டார்வின் 1872இலேயே விவரித்திருக்கிறார். இன்றும் அதைவிடத் தெளிவாக இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பயத்தில் வால் இரண்டு விதமாக மாறும். ஒன்று, உடலை ஒட்டியோ கால்களுக்கு இடையிலோ ஒடுங்கிக்கொள்வது. மற்றொன்று, புட்டி கழுவும் பிரஷைப் போல உப்பிப் பெருப்பது. ஒவ்வொரு மயிர்க்காலோடும் சேர்ந்த சிறு தசை, அச்சத்தின்போது சுரக்கும் அட்ரினலினாலும் நரம்புத் தூண்டலாலும் சுருங்குவதால் உரோமம் குத்திட்டு நிற்கிறது; நமக்கு மயிர்க்கூச்செறிவதும் இதே வகையான தசையால்தான். பூனை இதை வேண்டுமென்று செய்வதில்லை, தடுக்கவும் அதனால் முடியாது. அப்படி இருக்கும் பூனையைச் சமாதானப்படுத்துவதற்காகத் தூக்கவே கூடாது. அறையை அமைதியாக்கி, அது ஒளிந்துகொள்ள வழிவிட்டு, நாம் சற்று விலகி நிற்பதுதான் உதவி. குட்டிகள் மட்டும் இதற்கு விலக்கு: விளையாட்டின் உச்சத்தில் முதுகையும் வாலையும் வளைத்து, உரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு பக்கவாட்டில் துள்ளித் துள்ளி வரும் குட்டிக்குப் பயம் எதுவும் இருக்காது.

வால் நிமிர்ந்து நின்றபடி அடியிலிருந்து நுனிவரை நடுங்குவதைப் பார்த்துச் சிலர் பயந்துவிடுகிறார்கள். மிகவும் பிடித்தவர் வந்தபோதோ உணவு வைக்கும் நேரத்திலோ இது நிகழ்ந்தால் அது மிகுந்த ஆர்வத்தின் வெளிப்பாடு. ஆனால் பூனை சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்தவாறு வாலை நடுக்கினால், அது சிறுநீரைப் பீய்ச்சித் தன் எல்லையைக் குறிக்கிறது. கருத்தடை செய்யப்படாத கடுவன்களிடம் இது அதிகம், பெட்டைகளிடமும் இல்லாமல் இல்லை. கருத்தடை செய்தால் பெரும்பாலும் குறைந்துவிடும்.

சைகை தவிர வாலுக்கு வேறு வேலையும் உண்டு. குறுகலான சட்டத்தின் மேல் பூனைகளை நடக்கவிட்டு, நடந்துகொண்டிருக்கும்போதே சட்டத்தைத் திடீரெனப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்த ஆய்வு ஒன்று 1998இல் வெளியானது. சட்டம் ஒரு பக்கம் நகர்ந்தால் பூனை வாலை எதிர்ப்பக்கம் வீசி இடுப்பை மீண்டும் சட்டத்துக்கு மேல் கொண்டுவந்துவிடுகிறது. அதே சமயம், உயரத்திலிருந்து விழும்போது நடுவானில் திரும்பிக் காலூன்றுவதற்கு வால்தான் காரணம் என்ற பரவலான நம்பிக்கை சரியல்ல. பிரான்சு நாட்டு அறிஞர் மாரே 1894இல் வெளியிட்ட தொடர் புகைப்படங்களில், முன்னுடலும் பின்னுடலும் தனித்தனியே முறுகித் திரும்புவது தெளிவாகத் தெரிகிறது. வாலில்லாத பூனைகளும் அவ்வாறே திரும்பிவிடுகின்றன. பிறவியிலேயே வாலற்ற மாங்ஸ் வகைப் பூனைகள் நன்றாகவே ஏறி இறங்குகின்றன. அவற்றின் சிக்கல் வேறு: வாலைக் குறைக்கும் அந்த மரபணு மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் கரு பிறப்பதற்கு முன்பே இறந்துவிடுகிறது, ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குட்டிகளிலும் சிலவற்றுக்கு முதுகெலும்புக் குறைபாட்டால் சிறுநீர்ப்பையும் பின்னங்கால்களும் பாதிக்கப்படுகின்றன. அழகுக்காக இந்த வகையைத் தேடி வாங்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

இறுதியாக, நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், பூனையின் வாலைப் பிடித்து இழுக்க எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். தண்டுவடம் வால்வரை நீள்வதில்லை, இடுப்புப் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் வாலுக்கு மட்டுமல்லாமல் சிறுநீர்ப்பைக்கும் குதத்துக்கும் செல்கின்றன. வால் பலமாக இழுபடும்போது, அது இடுப்போடு சேரும் இடத்தில் எலும்பு விலகி இந்த நரம்புகள் நீண்டு சேதமடையக்கூடும். வாகனத்திலோ கதவிலோ வால் சிக்குவதாலும் இதே காயம் ஏற்படுகிறது. வெளியே போய்வந்த பூனையின் வால் உயிரற்றுத் தொங்கினாலோ, நடக்கும்போது தரையில் இழுபட்டாலோ, அடிவாலைத் தொட்டதும் கத்தினாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அவர் அடிவாலில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார், ஏனென்றால் அங்கே உணர்ச்சி எஞ்சியிருந்தால் சிறுநீர்ப்பை மீள்வதற்கான வாய்ப்பும் அதிகம். காயத்துக்குப் பிறகு பூனை சிறுநீர் கழித்ததா, கழித்திருந்தால் தானாகக் கழித்ததா அல்லது படுத்த இடத்திலேயே கசிந்ததா என்பதைக் கவனித்து அவரிடம் சொல்லுங்கள்; சிகிச்சையை எவ்வளவு விரைவாகத் தொடங்க வேண்டும் என்பதை அந்தத் தகவலை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.