முள்கரண்டியை எடுத்துவிடுங்கள்

கி.பி. 75-இல் பொம்பெயி என்ற பழைய ரோமானிய நகரத்தில் நடக்கும் நாடகம், விருந்துக் காட்சியில் ஆளுக்கொரு முள்கரண்டி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ரோமானியர்கள் முள்கரண்டியால் சாப்பிடும் வழக்கம் இல்லை. பணக்கார வீட்டு விருந்தில் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து படுத்தபடி, வலது கையால்தான் எடுத்துச் சாப்பிட்டார்கள். இறைச்சியை அடிமை ஒருவர் முன்கூட்டியே வெட்டிவிடுவார். அதனால் ஆளுக்கொரு கத்தியும் தேவையில்லை.

கரண்டி மட்டும் வையுங்கள், இரண்டு வகை. லிகுலா கொஞ்சம் பெரியது, குழைவான உணவுக்கு. கோக்லியர் சின்னது, எனக்குப் பிடித்ததும் அதுதான். தலை சிறு வட்டக் குழி, காம்பின் முனை ஊசி போலக் கூர். கூர்முனையால் நத்தையை ஓட்டிலிருந்து குத்தி இழுக்கலாம், மறுமுனையால் முட்டை சாப்பிடலாம். நடிகரின் கைக்கு வேலை கொடுக்க இதைவிட நல்ல பொருள் கிடைக்காது!

கண்ணாடிக் கோப்பை தாராளமாக வைக்கலாம். ஊதிச் செய்யும் முறை அப்போது பரவிவிட்டது.

சமையலறைக்கு ஒரு கல் மேடை, அதன்மேல் கரி நெருப்பு, இரும்பு முக்காலி, வெண்கலச் சட்டி. பக்கத்தில் மோர்டேரியம் என்ற தடித்த மண் கிண்ணம். நன்றாக அரைபட வேண்டுமே என்று உள்பக்கத்தில் பொடிக்கற்களைப் பதித்துச் சுட்டிருப்பார்கள். ஊற்றுவதற்கு விளிம்பில் மூக்கும் உண்டு.

அப்புறம், அலங்காரத்துக்காகக்கூடத் தக்காளி வைத்துவிடாதீர்கள். அது ஐரோப்பாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில்தான்.