எந்த விசை, எந்தப் பொருள் மேல்? வேலை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கனமான பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்தபடி பத்து நிமிடம் நின்றேன். வேர்த்துக் கொட்டுகிறது. பாடநூலோ வேலை பூஜ்யம் என்கிறது. அநியாயம் இல்லையா?

பதில்: இயற்பியலில் வேலை என்பது விசை × அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரம். பெட்டி நகரவில்லை, ஆகவே பெட்டியின் மேல் நீங்கள் செய்த வேலைதான் பூஜ்யம். அதே பெட்டியை ஒரு பரணும் தாங்கும், அதற்கு வேர்க்காது. தசை அப்படிச் சும்மா இறுகி நிற்காது. உள்ளே மயோசின் என்ற புரதம், ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தின் இழையைப் பிடிப்பதும் இழுப்பதும் விடுவதுமாகவே இருக்கும். ஒவ்வொரு முறையும், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. செலவு. அந்த ஆற்றல் பெட்டிக்குப் போகாமல் உடம்பிலேயே வெப்பமாகிறது. எந்த விசை, எந்தப் பொருள் மேல் என்று சொல்லாமல் வேலையைப் பற்றிப் பேசவே கூடாது.

கேள்வி: சுவரைத் தள்ளினால்?

பதில்: மேலே உள்ள பதிலையே படியுங்கள், சுவரும் நகரவில்லை.

கேள்வி: உராய்வு செய்வது எப்போதும் எதிர்க்குறி வேலைதானே?

பதில்: இல்லை. லாரித் தளத்தில் 20 கிலோ பெட்டி. நின்ற லாரி 1 மீ/வி² முடுக்கத்தில் 8 மீட்டர் போகிறது, பெட்டி வழுக்கவில்லை. அதை முன்னே கொண்டுபோவது உராய்வு மட்டுமே: 20 நியூட்டன் × 8 மீட்டர் = 160 ஜூல். வேகம் 4 மீ/வி. இயக்க ஆற்றலும் சரியாக 160.

கேள்வி: ஒப்புக்கொள்ள மாட்டேன். லாரிக்குள் இருப்பவருக்குப் பெட்டி அசையவே இல்லை. வேலை பூஜ்யம்.

பதில்: நல்ல அடி! அவர் கணக்கும் சரி. அவர் பார்வையில் இயக்க ஆற்றலும் மாறவில்லை. இடப்பெயர்ச்சி பார்ப்பவரைப் பொறுத்தது, ஆகவே வேலையும். என் எச்சரிக்கையில் 'யார் பார்த்து' என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்படியென்றால் சாலையில் நிற்பவர் பார்த்த 160 ஜூல் எங்கிருந்து வந்தது? உராய்வு ஆற்றலை உண்டாக்குமா?

பதில்: உண்டாக்காது, கைமாற்றும். பெட்டி லாரியைப் பின்னோக்கி 20 நியூட்டனால் இழுக்கிறது. லாரி மேல் அது செய்த வேலை −160. அந்த இழப்பை ஈடுகட்டுவது எஞ்சின் எரிக்கும் டீசல்.

கேள்வி: வேலைக்கும் திறனுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: திறன் என்பது வேலை நடக்கும் வேகம். வினாடிக்கு ஒரு ஜூல் வேலை நடந்தால் ஒரு வாட்.

கேள்வி: சுமையோடு சும்மா நின்றால் ஏன் பூஜ்யம்?

பதில்: ஐயா, முதல் பதில்!

கேள்வி: திருப்புத்திறனுக்கும் அலகு நியூட்டன் மீட்டர்தான். ஜூல் என்று எழுதலாமா?

பதில்: கூடாது. திருப்புத்திறன், விசை ஒரு பொருளைச் சுழற்றும் அளவு. அங்கே மீட்டர், சுழல் மையத்திலிருந்து விசைக்குச் செங்குத்தான தூரம். எதுவும் நகர்ந்திருக்க வேண்டியதில்லை. திருகி, திரும்பிய கோணத்தை ரேடியனில் எடுத்துத் திருப்புத்திறனோடு பெருக்குங்கள், ஜூல் வரும்.