பைக்கில் எஸ்.ஏ.ஐ. வால்வை (எக்ஸாஸ்டுக்குக் கூடுதல் காற்று விடும் செகண்டரி ஏர் இன்ஜெக்‌ஷன் வால்வு) அடைத்துவிட்டால் மைலேஜும் பிக்கப்பும் கூடுமா?

கூடாது. ஏர் ஃபில்டர் பக்கத்திலிருந்து ஒரு ஹோஸ் எஞ்சின் ஹெட்டுக்குப் போகிறதே, அதன் வழியாகக் கொஞ்சம் சுத்தமான காற்று எக்ஸாஸ்ட் வாசலுக்குப் போய்ச் சேர்கிறது. சரியாக எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் அங்கேயே சூட்டில் எரிந்துபோகத்தான் இந்த ஏற்பாடு. எரிப்பு முடிந்த பிறகு சேரும் காற்று என்பதால் எஞ்சினின் சக்தியை அது தொடுவதே இல்லை.

ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் 'டப் டப்' என்று வெடிப்பதால்தான் பலரும் இதை அடைக்கிறார்கள். சத்தம் குறையும், உண்மைதான். ஆனால் ஆக்சிலேட்டரை விடும்போது இந்தக் காற்றை நிறுத்த, கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் ஒரு சின்ன வேக்குவம் ஹோஸ் இருக்கிறது. அந்த ஹோஸ் விரிசல் விட்டிருந்தாலோ கழன்றிருந்தாலோ வால்வு மூடாது, சத்தம் வரும். முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் பெண்ட் பைப் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) ஹெட்டில் சேருமிடத்தைப் பாருங்கள். கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போயிருந்தால் அங்கே கரி படிந்திருக்கும். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

வால்வை அடைத்தால் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு அளவு ஏறலாம். மாசு விதிமீறலுக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 10,000 ரூபாய் வரை. நல்ல வண்டியில் இதைத் தொடவே வேண்டாம்.