ஓவியக்கூடத்தில் தன்னார்வலர் பணி: சேலம், ஏற்காடு பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் சேர்ந்த கலை அருங்காட்சியகங்களில் தன்னார்வலராக உதவுவது பற்றியும், அங்குள்ள கலையை ஊர்ப் பள்ளிகளுக்கும் மக்களுக்கும் கொண்டுபோவது பற்றியும் சேலம் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவர்: அக்கா, நான் பி.காம். படிக்கிறேன். ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?

தாராளமாகச் சேரலாம் தம்பி. தன்னார்வலர் கலை வரலாற்று விரிவுரையாளராக இருக்க வேண்டியதில்லை. வருகிறவர்களை வரவேற்பது, பள்ளிக் குழுவைப் பிரித்து அழைத்துப் போவது, பட்டறைக்குப் பொருள் எடுத்து வைப்பது, பதிவேடு எழுதுவது என்று எல்லாருக்கும் வேலை இருக்கிறது. முதல் மாதம் அனுபவமுள்ள ஒருவரோடு கூடவே நடந்து கவனியுங்கள். பிறகு கூடத்தில் ஐந்தே படைப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடம் பேசாமல் நின்று, கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். புத்தகத்தை அதற்கு அப்புறம் எடுத்தால் போதும். முதலிலேயே படித்துவிட்டுப் போகிறவர்கள் படித்ததையே ஒப்பிப்பார்கள். படத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஓமலூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: முப்பது பிள்ளைகளை ஓவியங்கள் முன்னால் நிறுத்தி என்னதான் பேசுவது? ஐந்து நிமிடத்தில் ஓட ஆரம்பித்துவிடுகிறார்களே.

அம்மா, இந்தப் பணியின் உயிரே இந்தக் கேள்விதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிள்ளைகள் ஓடுவதற்கு முதல் காரணம், நாம் அதிகம் காட்டுவது. 45 நிமிட வருகைக்கு நான்கு படைப்புகள் போதும். முப்பது பேரை மொத்தமாக நிறுத்தாதீர்கள். பதினைந்து பேருக்கு ஒரு தன்னார்வலர் என்று பிரித்து, இரு குழுக்களும் எதிரெதிர் முனையில் தொடங்கட்டும். படைப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தரையில் உட்காரவையுங்கள். நிற்கிற பிள்ளை நகரும்; பின்வரிசையில் நிற்கிற பிள்ளைக்குப் படமே தெரியாது.

முதல் ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. அதன் பிறகு மூன்றே கேள்விகள்: "இந்தப் படத்தில் என்ன நடக்கிறது?" "எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" "இன்னும் என்ன தெரிகிறது?" இந்த முறையை உருவாக்கியவர்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஃபிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகேல் ஹவுசனும். எளிதாகத் தெரியும், நடத்தும்போது மூன்று இடங்களில் சறுக்கும்.

ஒன்று, அவசரம். கேட்டுவிட்டு மூன்று விநாடியில் நாமே பதில் சொல்லிவிடுகிறோம். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இரண்டாவது, பாராட்டு. "சரியாகச் சொன்னாய்" என்று ஒரு பிள்ளையிடம் சொன்னதும், விடை வந்துவிட்டது என்று மற்ற பதினான்கு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். அதற்குப் பதில், அந்தப் பிள்ளை சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, சொன்ன இடத்தைத் தூரத்திலிருந்து கையால் காட்டுங்கள். குச்சி, லேசர் விளக்கு இரண்டும் வேண்டாம். மூன்றாவது, தப்பான பதிலைக் கண்டதும் திருத்துவது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் யாளித் தூணின் படத்தை வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு பிள்ளை சிங்கம் என்கிறது, இன்னொன்று யானை என்கிறது. "எதைப் பார்த்து?" என்று கேட்டால் ஒன்று பிடரியைச் சொல்லும், மற்றது துதிக்கையைச் சொல்லும். இரண்டையும் சேர்த்து ஒரு விலங்கைச் சிற்பி செய்திருக்கிறான் என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். யாளி என்ற பெயரை அதற்குப் பிறகு சொல்லுங்கள். அப்போதுதான் மனதில் நிற்கும்.

தகவல் சொல்லவே கூடாதா என்றால், கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு படைப்புக்குப் பத்து நிமிடம் என்றால் கடைசி இரண்டு நிமிடத்தில், அவர்கள் கேட்ட கேள்விக்கு ஒட்டிய தகவலை மட்டும் சொல்லுங்கள்.

அதே ஆசிரியை: குறிப்பெடுக்கப் பேனா கொடுக்கலாமா?

பென்சில் மட்டும். பேனா மை ஓவியத்திலோ துணியிலோ பட்டால் எடுக்க முடியாது. அட்டையோடு கிளிப் வைத்த ஏ5 தாள் போதும். தண்ணீர் பாட்டிலும் முதுகுப்பையும் வெளியே இருக்கட்டும். முதுகில் பை இருக்கிற பிள்ளைக்குத் தன் அகலம் தெரியாது. திரும்பும்போது பை சிலைப் பீடத்தில் இடிக்கும்.

ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றின் பள்ளி ஆசிரியர்: சார்களும் மேடம்களும் "பிள்ளைகளைச் சேலத்துக்குக் கூட்டிவாருங்கள்" என்கிறார்கள். வண்டி வாடகை, இருபது கொண்டை ஊசி வளைவு, பாதிப் பேருக்கு வாந்தி. வேறு வழி உண்டா?

உண்டு. நீங்கள் இறங்குவதைவிட அருங்காட்சியகம் மேலே ஏறுவது நல்லது. வந்து சேரும்போதே தலைசுற்றிக் கிடக்கிற பிள்ளை எதையும் பார்க்காது. ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு கலைப்பெட்டி உங்கள் பள்ளிக்கு வந்து இரண்டு வாரம் தங்கட்டும். அதில் பழகிய பிறகு ஒரே ஒரு முறை இறங்கி வந்தால் போதும். படத்தில் பார்த்ததை நேரில் பார்க்கும் ஆசை அப்போது இருக்கும்.

பெட்டியில் அசல் படைப்பு எதுவும் போகக் கூடாது. அருங்காட்சியகத்தின் அனுமதியோடு எடுத்த ஏ2 அளவுப் படங்கள் எட்டு, 5 மி.மீ. சன் போர்டில் (லேசான நுரைப் பலகை) ஒட்டியவை. பளபளப்பு லேமினேஷன் வேண்டாம். வகுப்பறை ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து பாதிப் பேருக்கு வெள்ளையாகத்தான் தெரியும். மேட் லேமினேஷன் கேளுங்கள். மலிவாக இருக்கிறதே என்று ஃபிளெக்ஸில் அடிக்காதீர்கள். பக்கத்தில் போனால் புள்ளி புள்ளியாகத் தெரியும், பிள்ளைகளோ பக்கத்தில்தான் போவார்கள். படங்களுக்குத் தனியாக ஒரு கித்தான் பை தைத்துவிடுங்கள்.

தொட்டுப் பார்க்கும் பொருள்கள் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போகும். கைத்தறித் துணி ஒரு துண்டு, விசைத்தறித் துணி ஒரு துண்டு, பட்டு நூல், உருப்பெருக்கிக் கண்ணாடி ஆறு, கரித்துண்டு, செம்மண், களிமண். கூடவே ஒரு மாக்கல், ஒரு கருங்கல். சேலத்து மாக்கல் சட்டி பல வீட்டில் இருக்கும். அந்தக் கல்லில் ஆணியால் கீறினால் கோடு விழும், கருங்கல்லில் விழாது. கோயில் தூணைச் செதுக்கியவனின் உழைப்பை இதைவிட நன்றாக எந்தப் பேச்சாலும் புரியவைக்க முடியாது. மாக்கல்லை ஈரத்துணி மேல் வைத்துக் கீறவையுங்கள். தூசி மூச்சில் போகக் கூடாது.

ஏற்காட்டில் மழைக்காலத்தில் மேகம் வகுப்பறைக்குள்ளேயே வந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் காகிதத்திலும் துணியிலும் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அரைக் கிலோ, துணிப்பையில் கட்டி, பெட்டியில் இருக்கட்டும். நிறம் மாறியதும் மாற்றுங்கள். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் பிள்ளைகள் கை படும் இடத்தில் ஆரஞ்சு வகையை வாங்குவது நல்லது. ஈரமாக வந்த படத்தை அப்படியே பைக்குள் திணிக்காமல், ஒரு நாள் நிழலில் நிறுத்திக் காயவையுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசுத் தொழிலாளி: எங்கள் வேலையைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்கிறார்கள். எதைக் காட்டலாம்?

அண்ணா, நீங்கள் வருவது கூடத்துக்குக் கிடைத்த பேறு. உருக்குவதையும், அமிலத்தில் போடுவதையும், பற்றவைப்பதையும் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டாம். அவற்றைக் காணொளியாகக் காட்டிக்கொள்ளலாம். கம்பி இழுப்பதை நீங்கள் செய்து காட்டுங்கள். பிள்ளைகள் கையால் செய்வதற்குக் கண்ணி கோப்பதுதான் சரி.

வெள்ளிக்குப் பதில் 1 மி.மீ. மெல்லிய செம்புக் கம்பி, பதம் போட்டு இளக்கியது. பென்சிலில் நெருக்கமாகச் சுற்றி, சுருளை வெட்டினால் வளையங்கள் வரும். ஒரு வளையத்துக்கு இரண்டரை செ.மீ. கம்பி பிடிக்கும். 22 வளையம் கோத்தால் சின்னக் கைக்கு ஒரு சங்கிலி, அதாவது ஒரு பிள்ளைக்கு 55 செ.மீ. முப்பது பேருக்குச் சேதாரத்தோடு 20 மீட்டர், எடை சுமார் 140 கிராம். வெட்டும்போது முனை தெறிக்கும். ஆகவே வளையங்களை முன்கூட்டியே வெட்டி எண்ணிப் பொட்டலம் கட்டிவிடுங்கள். இரண்டு பேருக்கு ஒரு ஜோடி சிறு குறடு என்றாலும் சமாளிக்கலாம்.

பிள்ளைகள் செய்யும் தப்பு ஒன்றே: வளையத்தை இரு பக்கமும் இழுத்து விரிப்பார்கள். வட்டம் கெட்டு, திரும்ப மூடும்போது வாய் பொருந்தாது. ஒரு முனையை முன்னும் மறு முனையைப் பின்னுமாகத் திருகித் திறக்கச் சொல்லுங்கள். இது உங்களுக்குக் கைவந்தது. வாயால் சொல்ல மறந்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது, உங்களுக்கு உண்டு. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிற கைவினைஞருக்கு அன்றைய கூலி, பொருள் செலவு, போக்குவரத்து மூன்றையும் அருங்காட்சியகம் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். "சேவைதானே" என்று யாராவது இழுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அம்மாபேட்டை, ஒரு தாய்: கூடம் ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது? குழந்தை பயப்படுகிறது.

காகிதத்திலும் துணியிலும் உள்ள படைப்புகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் வழக்கம். எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். வெளிச்சத்தால் மங்கிய நிறம் திரும்ப வராது, சேதமும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். வெயிலிலிருந்து நேராக உள்ளே வந்தால் கண் பழகச் சில நிமிடம் ஆகும். வராந்தாவில் ஐந்து நிமிடம் உட்காரவைத்து, உள்ளே என்ன பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போங்கள்.

அதே ஊர், கல்லூரி மாணவி: என் தம்பிக்குக் கண் தெரியாது. அவனை அழைத்துப் போவதில் பயன் உண்டா?

நிச்சயம் உண்டும்மா. இரண்டு நாள் முன்னால் தெரிவியுங்கள். அசல் சிற்பத்தைத் தொட விடமாட்டார்கள். அச்செடுத்த நகல், அதே கல்லின் துண்டு, அதே துணியின் துண்டு கேளுங்கள். ஓவியத்தைச் சொல்லும்போது ஒழுங்கு முக்கியம்: முதலில் அளவு, கைவிரித்தால் எவ்வளவு என்று. பிறகு மொத்தத்தில் என்ன காட்சி, பிறகு இடமிருந்து வலமாக என்ன இருக்கிறது, கடைசியில் நிறமும் தூரிகை ஓட்டமும். நிறத்தைச் சொல்லத் தயங்க வேண்டாம். "அழகாக இருக்கிறது" என்பது மட்டும் அவனுக்கு எதையும் தராது.

ஆத்தூர், என்.எஸ்.எஸ். அலுவலர்: மாணவர்களை அனுப்புகிறோம், பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

என்.எஸ்.எஸ். மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240. அதில் எத்தனை மணி அருங்காட்சியகத்துக்கு என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை, தலா மூன்று மணி என்றால் நிலைக்கும். "வாராவாரம் வா" என்றால் நிலைக்காது. செமஸ்டர் தேர்வு மாதங்களில் அட்டவணையே போடாதீர்கள். அப்போது ஓய்வுபெற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு மாணவர், ஒரு பெரியவர் என்று ஜோடி சேர்த்தால் இருவருமே விடாமல் வருவார்கள். அனுப்பிய மாணவரை நாற்காலி தூக்க மட்டும் வைத்திருந்தால் அவர் பாதியில் நின்றுவிடத்தான் செய்வார்; மூன்றாவது முறையிலாவது ஒரு படைப்பை அவர் பொறுப்பில் கொடுங்கள்.

பெயர் குறிப்பிடாதவர்: பிள்ளைகளைப் படம் எடுத்துப் போடலாமா?

பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் கூடாது. எந்தத் தன்னார்வலரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது; கழிப்பறைக்குக் கூட்டிப்போவது பள்ளி ஆசிரியரின் வேலை.

இளம்பிள்ளை, நெசவாளர் குடும்பத்துப் பெண்: எங்கள் சேலைகளைக் கண்காட்சியில் வைக்கிறார்கள். குறிப்பு அட்டை நான் எழுதலாமா?

நீங்கள்தான் எழுத வேண்டும். முதலில் தமிழில் எழுதுங்கள்; ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்கினால் யாரும் இரண்டாவது வரியைத் தாண்ட மாட்டார்கள். ஐம்பது, அறுபது சொல் போதும். முதல் வரியில் சேலையில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைச் சொல்லுங்கள்: முந்தியில் எந்த இடத்தில் நிறம் மாறுகிறது, கரை எப்படிச் சேர்கிறது. எத்தனை நாள் தறியில் இருந்தது, எத்தனை பேர் கை பட்டது என்பதையும் எழுதுங்கள். அது உங்களுக்கு மட்டுமே தெரியும். எழுத்து 24 புள்ளி அளவுக்குக் குறையாமல், வரி இடைவெளி ஒன்றரை. தமிழில் மேலே கொக்கியும் கீழே சுழியும் வருவதால் நெருக்கினால் வரிகள் முட்டிக்கொள்ளும். அச்சுக்குப் போகும் முன் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே வாக்கியத்தை உடையுங்கள்.