பத்து, ஒன்பது, எட்டு... கீழே இறங்கச் சொல்லலாமா?

கேள்வி: கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், அடிமாலி பக்கம் இரண்டு வருடமாக ஹிப்னோதெரபி (ஹிப்னாசிஸ் எனும் ஆழ்ந்த தளர்வு நிலையில் பேசித் தரும் சிகிச்சை) செய்து வருகிறேன். தூக்கம் வரவில்லை என்று எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஓர் அம்மா வந்தார். வழக்கம்போல் கண்ணை மூடச் சொல்லி, மழைச் சத்தத்தை ஓடவிட்டு, பத்திலிருந்து எண்ணி படிக்கட்டில் இறங்கச் சொன்னேன். எண்ணிக்கை ஆறைத் தொடுவதற்குள் மூச்சு முட்டி, உடம்பு நடுங்கி அழுதுவிட்டார். மண்சரிவில் வீட்டையும் உறவுகளையும் இழந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. கூட வந்த கொழுந்தனார், "அந்த ராத்திரிக்கே கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் வெளியே எடுத்துடுங்க சார்" என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்த இரவுக்கு அவரை நீங்கள் கூட்டிப்போகக் கூடாது. ஏன் என்று சொல்வதற்கு முன், அன்று உங்கள் அறையில் நடந்ததைப் பார்ப்போம்.

மழைச் சத்தம், கீழே இறங்குதல், "உடம்பு கனமாகிறது, அசைக்க முடியவில்லை" என்ற பேச்சு. பயிற்சியில் நமக்குத் தந்த வாசகங்கள்தான். மண்ணுக்கடியில் உறவுகளைப் பறிகொடுத்தவரின் காதில் அவை எப்படி விழும்? 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் உருள்பொட்டல் (பெரும் மண்சரிவு) வந்து லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியதில் 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் மொழி பேசும் தோட்டக் குடும்பங்கள். அதற்குப் பிறகு 2024 ஜூலை 30ல் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும். இந்த மலையில் தொழில் செய்கிறவர், மழைச் சத்தம் எல்லோருக்கும் இதம் என்று நினைக்கவே கூடாது. தூக்கமின்மை என்று யார் வந்தாலும் மழைநாளில் தூக்கம் எப்படி, கெட்ட கனவு வருமா என்று முதலிலேயே கேளுங்கள். நடந்ததை விவரமாகச் சொல்லச் சொல்ல வேண்டாம். "பேச விரும்பாத விஷயம் இருந்தால், இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், போதும்" என்றால் போதுமானது.

என் தொடக்க வருடங்களில் நானும் இப்படித் தவறியிருக்கிறேன். 'அம்மா மடியில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு பையனிடம் சொன்னேன். அந்த மடியில்தான் அவன் அடிபட்டு வளர்ந்தவன். அன்றிலிருந்து இதமான இடத்தை நான் தேர்ந்தெடுப்பதில்லை, வந்தவரே சொல்லட்டும் என்று விடுகிறேன்.

மனக்காயம் பட்டவர்களில் பலர் ஹிப்னாசிஸுக்குச் சீக்கிரம் ஆட்படுவார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களை அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகலின் குழு 1988ல் ஆராய்ந்தபோதும் இது தெரிந்தது. சட்டென்று ஆழமாகப் போகிறாரே என்று நாம் சந்தோஷப்படும் நேரத்தில், அவர் உண்மையில் அந்த இடத்தை விட்டே விலகி உறைந்துபோயிருக்கலாம். கண் நிலைகுத்துவது, பதில் வராமல் இருப்பது, மூச்சு மேலோட்டமாவது, கை சில்லிடுவது ஆகியவற்றைக் கண்டால் உடனே நிறுத்துங்கள்.

எப்படி நிறுத்துவது? 'இன்னும் ஆழமாகப் போங்கள்' என்று சமாதானப்படுத்த முயலாதீர்கள். தோளைத் தொடவும் வேண்டாம். உங்கள் சாதாரணக் குரலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "கண்ணைத் திறங்கம்மா. இது அடிமாலி, பகல் பதினொரு மணி. கால் தரையில் படுதா, அழுத்திப் பாருங்க. சுவரில் என்ன நிறம் தெரியுது?" இப்படி ஒவ்வொன்றாக இந்த நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் கொடுங்கள். முழுத் தெளிவு வராமல் ஜீப் ஏற்றி அனுப்பாதீர்கள். அன்று சாயங்காலமே ஒரு போன் செய்து விசாரியுங்கள்.

இனி கொழுந்தனாரின் வேண்டுகோள். உள்ளே அடைத்திருப்பதைக் கொட்டிவிட்டால் குணமாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கட்டியைக் கீறிச் சீழ் எடுப்பதுபோல நினைக்கிறோம். தாங்கும் பலத்தைச் சேர்க்காமல் அந்த இரவை மறுபடி காட்டினால், அவர் அதை இரண்டாவது முறை அனுபவிக்கிறார், அவ்வளவுதான். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹிப்னாசிஸில் வரும் நினைவு கூடுதல் உண்மை என்பதற்கு ஆதாரமில்லை. அது உண்மைதான் என்ற உறுதி மட்டும் கூடிவிடுகிறது. "அப்போது யாராவது கூப்பிட்டார்களா?" என்று நீங்கள் கேட்ட ஒரு கேள்வி, நடக்காத ஓர் அலறலை அவர் காதில் ஆயுளுக்கும் விட்டுவிடலாம். குழந்தையைக் காப்பாற்றாமல் ஓடினேனோ என்று ஏற்கெனவே தவிக்கும் ஒருவருக்கு நாம் அப்படிச் செய்யலாமா?

அந்த நினைவோடு வேலை செய்ய முறையான சிகிச்சைகள் இருக்கின்றன. மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் முறை) இஎம்டிஆர் முறையையும் (நினைவை மனதில் வைத்தபடி கண்களை இடவலமாக அசைக்கச் செய்வது) உலக சுகாதார நிறுவனம் 2013 வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. இவற்றை மனநல மருத்துவரோ, ஆர்சிஐ எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரோ செய்ய வேண்டும். வாரக்கடைசிச் சான்றிதழ் அதற்குப் போதாது. இதை உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு வரும் நாளைக் கேட்டு வையுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றே அனுப்பியாக வேண்டும்.

சரி, உங்களுக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. மருத்துவர் பார்த்து, ஒப்புக்கொண்ட பிறகு, தூக்கத்துக்கும் உடம்பைச் சாந்தப்படுத்தவும் நீங்கள் உதவலாம். முதலில் 'வசியம்', 'மயக்கம்' என்ற சொற்களைக் கைவிடுங்கள். ஒரே இரவில் எல்லாம் கைமீறிப் போனவர், இன்னொருவர் வசத்தில் போகச் சம்மதிக்க மாட்டார். கண் திறந்தே இருக்கலாம், நாற்காலி கதவுப் பக்கம் இருக்கலாம், கையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்துவேன் என்று சொல்லுங்கள். ஒருமுறை கையைத் தூக்கச் சொல்லி, நிறுத்தியும் காட்டுங்கள். இந்த ஒத்திகைதான் முழு சிகிச்சையிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இறங்கும் படிக்கட்டுக்குப் பதிலாக அவர் விரல்களைப் பயன்படுத்திப் பாருங்கள். இருபது வருடம் கொழுந்து கிள்ளிய விரல்கள் அவை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் தேடிப் போகும் அந்தத் தாளம் அவருக்குச் சொந்தமானது, யாரும் எடுத்துப்போகாதது. ஆனால் அதையும் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

கொழுந்தனாரை வெளியே உட்காரச் சொல்லுங்கள். யார் கூட இருக்க வேண்டும் என்பதை அந்த அம்மா சொல்லட்டும். லயத்தில் சுவருக்குச் சுவர் காது என்பதால், அறையில் பேசியது எஸ்டேட்டுக்குப் போகாது என்ற உறுதியையும் அந்த அம்மாவின் காதில் விழும்படி கொடுங்கள்.

அடுத்த முறை அவர் வரும்போது வெளியே மழை பிடித்துக்கொண்டால், ஜன்னலைச் சாத்தட்டுமா, இன்னொரு நாள் பார்க்கலாமா என்று அவரையே கேளுங்கள்.